குரல் கம்மலும் அதற்குரிய பயிற்சி வைத்தியமும்

சென்ற ஆண்டு நடைபெற்ற நம் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை உறுப்பினர்களுள் பலர் நினைவில் வைத்திருக்கலாம். கூலி உயர்வு பற்றிய தீர்மானம் விவாதத்துக்கு வந்தபொழுது, விசைத்தறிக் கூடத்தில் பணியாற்றும் அம்மையார் ஒருவர் பேச எழுந்தார். ஆண்டுதோறும் பெண் உறுப்பினர்களின் குறைகளை எடுத்துரைப்பவர் அவரே. அன்று "தலைவரவர்களே" என்று தொடங்கியவருக்கு அடுத்த சொல் வெறுங் காற்றாகவே வெளிவந்தது. இரண்டொரு முறை தொண்டையைச் செருமிப் பார்த்தார், பயனில்லை. கையிலிருந்த தாளை அருகிலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு அமர்ந்துவிட்டார். தாளை வாங்கியவர் அதனை வாசித்தார். ஆயினும், தலைவர் எதிர்க்கேள்வி ஒன்று கேட்டபொழுது, விடை தெரிந்தவர் பேச இயலாதிருந்தார். பேச இயன்றவருக்கு விடை தெரியவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கூட்டம் கலைந்தபின் அவரை விசாரித்தோம். "மூன்று மாதமாய் இப்படித்தான் இருக்கிறது, ஐயா. காலையில் கொஞ்சம் குரல் வரும், மாலைக்குள் அடைத்துக்கொள்ளும். கஷாயமெல்லாம் குடித்தாயிற்று. தறி ஓட்டுகிறவளுக்குக் கைதானே முக்கியம்? குரல் போனால் போகட்டும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அடிப்படை விதி. ஆனால் வாக்கு அளிப்பதற்குமுன் வாதாட வேண்டும். வாதாடக் குரல் வேண்டும். சந்தையில் விளைச்சலுக்கு விலை பேசவும், வயலின் அக்கரையில் நிற்பவரை அழைக்கவும், பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் அதே குரல்தான் வேண்டும். கை பழுதானால் வைத்தியரிடம் ஓடும் நாம், குரல் பழுதானால் மட்டும் விதியென்று இருந்துவிடுகிறோம். குரல் கம்மல் பெரும்பாலும் தீரக்கூடிய கோளாறு என்பதையும், அதனைத் தீர்க்கும் வழிகளுள் முதன்மையானது பேச்சுப் பயிற்சி என்பதையும், ஆனால் காரணத்தைக் கண்ணாற் காண்பதற்குமுன் எந்தப் பயிற்சியும் தொடங்கலாகாது என்பதையும் உறுப்பினர் அன்பர்களுக்கு விளக்குவதே நம் நோக்கம்.

குரல் பிறக்கும் விதம்

கழுத்தின் முன்புறத்தில், ஆடவர்க்குச் சற்றுத் துருத்தி நிற்கும் இடத்தில் இருப்பது குரல்வளை. அதனுள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு மெல்லிய தசை மடிப்புகள் உள்ளன. இவற்றைக் குரல்நாண்கள் என்பர். இவற்றின் நீளம் பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். மூச்சு விடும்பொழுது இவை விலகி நிற்கும். பேசத் தொடங்கியதும் ஒன்றையொன்று நெருங்கும். நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றினிடையே புகுந்து செல்லும்பொழுது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வே குரலுக்கு மூலம். தொண்டையும் வாயும் மூக்கும் அதனைப் பெருக்கி, நாவும் உதடும் அதனைச் சொல்லாக்குகின்றன.

நெசவாளர்க்கு இதனை விளக்குவது எளிது. பாவின் இழுவிசை சரியாக இருந்தால் துணி சீராக வரும். தளர்ந்தால் இழைகள் சிக்கும். மிகையாக இறுகினால் அறும். குரல்நாண்களும் இத்தகையனவே. அவை இறுகும்பொழுது குரல் மேலே செல்லும். தளரும்பொழுது கீழே இறங்கும். முழுதும் மூடாவிடின் காற்றுக் கசிந்து குரல் புகைந்துபோகும்.

இவை அதிரும் வேகம் வியக்கத்தக்கது. சாதாரணப் பேச்சில் ஆடவர் குரல்நாண்கள் ஒரு வினாடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்களின் குரல்நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பெண்மணியின் தொண்டையில் ஒரு நாளில் ஒலி எழும் நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், அந்த நாண்கள் அன்று 7 லட்சத்துக்கு மேற்பட்ட முறை மோதியிருக்கும். உரக்கக் கத்தும்பொழுது ஒவ்வொரு மோதலும் வலுவாகிறது.

தறியோசையும் தொண்டையும்

1911-ஆம் ஆண்டில் எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஓர் உண்மையை வெளியிட்டார். சுற்றிலும் இரைச்சல் மிகுந்தால், மனிதன் தான் அறியாமலே குரலை உயர்த்துகிறான். இரைச்சல் நின்றதும் தானே தாழ்த்துகிறான் என்பதே அது. இன்றும் அறிவியலார் இதனை அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

இருவர் அமைதியாகப் பேசிக்கொள்ளும் ஒலியின் அளவு ஏறக்குறைய 60 டெசிபல். விசைத்தறிகள் பல சேர்ந்து ஓடும் கூடத்திலோ அது 90 டெசிபலைக் கடந்து செல்லும். அங்கே பக்கத்துத் தறிக்காரரிடம் "தார் தீர்ந்துவிட்டது" என்று சொல்வதற்கும் கத்தவேண்டும். கத்துகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஓசையால் காது கெடுவது பலரும் அறிந்தது. அதே ஓசையால் தொண்டையும் கெடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தொழிலால் குரல் கெடுபவர்களுள் ஆசிரியர்களைப் பற்றி ஆராய்ச்சிகள் பல நடந்துள்ளன. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஆசிரியர்களில் 100-க்கு ஏறக்குறைய 58 பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் குரற்கோளாறு அடைந்திருந்தனர். ஆசிரியரல்லாதாரில் அவ்வாறு அடைந்தவர் 29 பேரே. ஓயாது உரக்கப் பேசுவது கேடு விளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கேடு எவ்வாறு விளைகிறது? மண்வெட்டி பிடிக்கும் கையில் உராய்வு மிகும் இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போகிறதன்றோ? அதுபோலவே, குரல்நாண்கள் மிகுந்த வேகத்தோடு மோதும் இடத்தில் இருபுறமும் சிறு காய்ப்புகள் தோன்றுகின்றன. மருத்துவர் இவற்றை நாட்யூல் என்பர். உள்ளங்கையில் காய்ப்பு வேலைக்குத் துணை. குரல்நாணில் காய்ப்பு வேலைக்கு இடையூறு. நாண்கள் முழுதும் மூடாதபடி அது இடையில் நிற்கும். காற்றுக் கசியும், குரல் கரகரக்கும். அதனைச் சரிக்கட்ட இன்னும் அழுத்திப் பேசுவோம். அழுத்தினால் காய்ப்பு இன்னும் வளரும்.

ஆயினும் எல்லாக் கம்மலும் காய்ப்பினால் வருவதன்று. சளி பிடித்து நாண்கள் வீங்கியிருக்கலாம். இது தானே தீரும். ஒரு முறை கடுமையாகக் கத்தியதனால் நாணின் ஒரு பக்கத்தில் கொப்புளம் போன்ற தசை வளர்ந்திருக்கலாம். இரைப்பையின் புளிப்பு நீர் மேலேறிக் குரல்வளையைத் தாக்கியிருக்கலாம். தைராய்டு அறுவைக்குப்பின் நரம்பு பழுதுற்று ஒரு நாண் அசைவற்றிருக்கலாம். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வரும். நாண்கள் நலமாகவே இருந்தும், சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பேசும் பழக்கத்தால் மட்டும் குரல் அடைத்துக்கொள்வதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, புற்றுநோயின் முதல் அடையாளமும் குரல் கம்மலாகவே இருக்கலாம். வெளியே கேட்பது ஒரே கரகரப்புத்தான்; உள்ளே இருப்பது வெவ்வேறு.

முதலில் காண வேண்டும்

உயிருள்ள மனிதனின் குரல்நாண்கள் இயங்குவதைக் கண்ணாடி கொண்டு கண்டு உலகுக்கு விரித்துரைத்தவர் மருத்துவர் அல்லர், இசை ஆசிரியர். ஸ்பெயின் நாட்டு மரபினரான மானுவேல் கார்சியா என்பவர் 1854-ல் பாரிஸ் நகரில் பல் வைத்தியர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி ஒன்றை வாங்கி, அதைத் தம் தொண்டையின் உட்புறத்தில் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே செலுத்தித் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். மறு ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தில் அதைப்பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது. இன்று வளையும் மெல்லிய குழாயை மூக்கின் வழியே செலுத்தி, நாண்களைத் திரையில் பார்க்கிறார்கள். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கினால், விரைந்து அதிரும் நாண்கள் மெல்ல அசைவன போலத் தோற்றும்படியும் செய்கிறார்கள்.

நம் அம்மையாரை வற்புறுத்தி அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். குழாய் என்றதும் அவர் அஞ்சினார். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்தபின், சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. இரு நாண்களிலும் எதிரெதிராகச் சிறு காய்ப்புகள் இருப்பதைத் திரையில் நாமும் கண்டோம். "கெட்ட கட்டி ஒன்றுமில்லை, அறுவையும் இப்பொழுது வேண்டியதில்லை, பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள்" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

குரலை அளக்கும் முறை

பேச்சுப் பயிற்சி வல்லுநர் உடனே பயிற்சி தொடங்கிவிடவில்லை. முதல் நாள் முழுவதும் விசாரணையும் அளவுமாகவே கழிந்தது.

முதலாவது, வரலாறு. எப்பொழுது தொடங்கியது, காலையில் மிகுதியா மாலையில் மிகுதியா, எத்தனை மணி நேரம் கூடத்தில் வேலை, வீட்டில் காது மந்தமானவர் உண்டா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், நெஞ்செரிச்சல் உண்டா, புகையிலை உண்டா என்றெல்லாம் கேட்டார். மாமியாருக்குக் காது கேளாது என்பதும், கூடத்தில் கத்தியபின் வீட்டிலும் கத்தவேண்டியிருக்கிறது என்பதும் அப்பொழுதுதான் வெளிவந்தன.

இரண்டாவது, காதால் அளத்தல். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1981-ல் நூல்வழிப் பரப்பிய முறை இதற்குப் பயன்படுகிறது. கோளாற்றின் மொத்த அளவு, முரட்டுத்தன்மை, மூச்சுக்கசிவு, வலுவின்மை, இறுக்கம் என்னும் ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறார்கள். பஞ்சின் தரத்தைக் கையால் தொட்டே பிரிப்பவர் நம்மிடையே உளர். பழகிய காதும் அத்தகையதே.

மூன்றாவது, மூச்சை அளத்தல். நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு "ஆ" என்று எவ்வளவு நேரம் நிறுத்த முடிகிறதென்று பார்த்தார்கள். நலமுள்ள பெரியவர்கள் பெரும்பாலும் 15 வினாடிக்குக் குறையாமல் நிறுத்துவர். நம் அம்மையாரால் 7 வினாடியே இயன்றது. பின்னர் "ஸ்" என்ற வெறும் மூச்சொலியையும், அதே இடத்தில் வண்டின் ரீங்காரம் போலக் குரல் சேர்த்து எழுப்பும் ஒலியையும் தனித்தனியே நீட்டச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்க்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் நிற்கும். முதலாவது இரண்டாவதைப் போல 1.4 மடங்குக்கு மேற்பட்டால் நாண்கள் சரியாக மூடவில்லையோ என்று ஐயுற வேண்டும். இவருக்கு முதலாவது 17 வினாடியும் இரண்டாவது 9 வினாடியும் நின்றன. நுரையீரலில் குறையில்லை, நாண்களில்தான் குறை என்பதற்கு அதுவே கணக்கு.

நான்காவது, துன்பத்தை அளத்தல். 1997-ல் அமெரிக்காவில் வகுத்த வினாத்தாள் ஒன்று இதற்கு உண்டு. 30 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 120. குரற்கோளாற்றினால் பேச்சைத் தவிர்க்கிறீர்களா, பிறர் உங்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்களா, மனம் சோர்கிறதா என்பன போன்ற செய்திகளை அது கேட்கிறது. நம் அம்மையாரின் மதிப்பெண் 58. "குரல் போனால் போகட்டும்" என்று நம்மிடம் சொன்னவர், அந்தத் தாளை நிரப்பும்பொழுது இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயிற்சி எத்தகையது?

பேச்சுப் பயிற்சி என்றதும், பேசாமல் இருக்கச் சொல்லும் அறிவுரை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அறிவுரை வேண்டும், ஆனால் அறிவுரை மட்டும் போதாது. குரற்கோளாறுடைய ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தி 2001-ல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனையில், ஒரு குழுவுக்குக் குரல் நல அறிவுரைகளும், மற்றொன்றுக்கு முறையான குரற்பயிற்சியும் அளித்தனர். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் அளிக்கவில்லை. தம் குரற்குறை தெளிவாகக் குறைந்ததென்று வினாத்தாளில் காட்டியவர்கள் பயிற்சி பெற்ற குழுவினரே.

அந்தப் பயிற்சியில் நான்கு பகுதிகள். மெல்லிய குரலில் ஓர் ஒலியை நீட்டுதல். கீழிருந்து மேலே வழுக்கிச் செல்லுதல். மேலிருந்து கீழே வழுக்கி வருதல். குறித்த சில சுரங்களில் ஒலியை இயன்றவரை நிறுத்துதல். ஒவ்வொன்றையும் இரண்டு முறை, நாளுக்கு இரண்டு வேளை, ஆறு வாரம் அளவில் செய்ய வேண்டும். சங்கீதம் பயில்வோர் சாதகம் செய்வதுபோல என்று கொள்ளலாம். இதில் உரக்கப் பாடுதல் என்பதே இல்லை.

நம் அம்மையாருக்கு முதலில் கற்பித்தது உறிஞ்சு குழலைக் கொண்டு செய்யும் பயிற்சி. ஒரு குவளையில் தண்ணீர் நிரப்பி, குழலின் முனையை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீரில் அமிழ்த்தி, அதன் வழியே "ஊ" என்று ஒலித்தபடி ஊத வேண்டும். நீர் குமிழியிடும். பார்ப்போர்க்குப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் அதன் இயக்கம் நுட்பமானது. வாய்ப்புறம் ஒடுங்குவதால், வெளியேறும் காற்றின் ஒரு பகுதி அழுத்தம் திரும்பிக் குரல்நாண்களின் மேல் நிற்கிறது. அது நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிப்பதால், அவை அதிர்ந்தும் வலுவாக மோதுவதில்லை. குறைந்த உழைப்பில் நல்ல குரல் எழும் நிலை எதுவென்று தொண்டை அதனால் கற்றுக்கொள்கிறது.

அதன்பின், உதட்டை மூடி "ம்" என்று முனகி, மூக்கின் அடியிலும் உதட்டிலும் அதிர்வை உணரும் பயிற்சி. அந்த அதிர்வு மாறாமல் "மா", "மாலை", "மாமரம்" என்று சொற்களுக்குச் செல்ல வேண்டும். தொண்டையை நெரித்து எழுப்பிய குரலை, முகத்தின் முன்புறத்துக்குக் கொண்டு வருவதே இதன் பயன். பிறகு வாக்கியங்கள், பிறகு உரையாடல், கடைசியில் இரைச்சலுக்கிடையே பேச்சு. வாரம் ஒரு முறை வல்லுநரிடம். எஞ்சிய நாட்களில் வீட்டில். எட்டு வாரம் இவ்வாறு நடந்தது.

எல்லார்க்கும் இதே பயிற்சி என்று கொள்ளலாகாது. நடுக்குவாதம் உடையவர்க்கு நேர்மாறாக உரத்துப் பேசவே கற்பிக்கின்றனர். 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய அம்முறையில், வாரத்துக்கு நான்கு நாள் வீதம் நான்கு வாரங்களில் 16 அமர்வுகள் உண்டு. பருவம் எய்தியும் பிள்ளைக்குரலிலேயே பேசும் இளைஞர்கள் சிலர், பலரது கேலிக்கு ஆளாகிப் பேசவே கூசுவர். அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சில அமர்வுகளிலேயே ஆண்குரல் இறங்கிவிடுகிறது. ஆதலின், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு நாமாகச் செய்துகொள்வது தகாது.

கஷாயமும் கிசுகிசுப்பும்

சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு ஆகியவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. அவை தொண்டைக்கு இதமளிப்பன. ஆனால் ஒன்றை உணர வேண்டும். விழுங்கும் பொருள் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. உணவுக்குழல் வேறு, மூச்சுக்குழல் வேறு. விழுங்கும்பொழுது குரல்வளை மூடிக்கொள்கிறது. தவறி ஒரு துளி உள்ளே சென்றாலும் புரையேறி இருமித் தள்ளிவிடுகிறோம். ஆகையால் கஷாயம் காய்ப்பைக் கரைக்கும் என்று மாதக்கணக்கிற் காத்திருப்பது வீண். தண்ணீரை நிறையக் குடிப்பது நல்லது. அது உடல் முழுவதும் சென்று நாண்களின் மேற்பூச்சு உலராமற் காக்கும். நீராவியோ மூச்சின் வழியே நேராகச் சென்று ஈரமளிக்கும்.

கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்பதும் சரியன்று. பலர் கிசுகிசுக்கும்பொழுது தொண்டைத் தசைகளை இன்னும் இறுக்குகின்றனர். மெல்லிய இயல்பான குரலே நல்லது. அடிக்கடி செருமுவதும் தீது. ஒவ்வொரு செருமலும் நாண்களை வன்மையாக மோதச் செய்யும். செருமத் தோன்றும்பொழுது ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம். அல்லது உமிழ்நீரை விழுங்கலாம்.

காலந் தாழ்த்தியவர்

மற்றொன்றையும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. அண்டைச் சங்கத்தில் பல ஆண்டுகள் பருத்தி ஏலம் கூறிவந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் விலை கூறும் குரல் சாலை வரையில் கேட்கும். அக்குரல் கம்மியபொழுது, ஏலத்தில் கத்தியதால் வந்ததென்று அவரும் எண்ணினார், நாமும் எண்ணினோம். பீடிப் பழக்கம் உண்டென்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பத்து மாதம் சென்று மூச்சுத் திணறியபின் சோதித்தார்கள். புற்று முற்றியிருந்தது. உயிரைக் காக்கக் குரல்வளையை முழுதும் எடுக்க நேர்ந்தது.

அவர் இன்று பேசாமலில்லை. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும் சிறு மின்கருவி ஒன்றைக் கொண்டு பேசுகிறார். அதற்கும் பேச்சுப் பயிற்சி வல்லுநரே பழக்கினார். சொல் விளங்குகிறது. ஆனால் அது அவர் குரலன்று என்பதை அவர் பேரப்பிள்ளைகளும் அறிவர். குரல்நாணில் தோன்றும் புற்று, தொடக்கத்திலேயே குரலைக் கம்மச் செய்து தன்னைக் காட்டிக்கொடுக்கும் இயல்புடையது. அந்நிலையிற் கண்டால் கதிர்வீச்சினாலோ லேசர் ஒளியினாலோ 100-க்கு ஏறக்குறைய 90 பேர் குணமடைகின்றனர், குரல்வளையும் எஞ்சுகிறது. அந்தப் பத்து மாதத்தில் நம்மில் ஒருவராவது அவரை வற்புறுத்தியிருக்கலாம் என்னும் குறை நமக்கு உண்டு.

ஆகவே உறுப்பினர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டுகிறோம். குரல் கம்மல் 4 வாரத்துக்குள் நீங்காவிடில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்ட வேண்டும். புகையிலை, பீடிப் பழக்கம் உடையவர், கழுத்தில் கட்டி காண்பவர், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுபவர், கழுத்திலோ மார்பிலோ அறுவை செய்துகொண்டபின் குரல் மாறியவர் ஆகியோர் 4 வாரமும் காத்திருத்தல் ஆகாது.

பேச்சுப் பயிற்சி வல்லுநர் என்று சொல்லிக்கொள்வோர் எல்லாரும் அத்தகுதி உடையவர் என்பதில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவரா என்று கேட்டறிவது முறை, கேட்பதில் தவறில்லை. நம் அண்டை மாநிலத்தில் மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் வல்லுநரைப் பயிற்றுவிப்பதோடு நோயாளிகளையும் பார்க்கிறது.

சங்கம் செய்யக்கூடியது

காய்ப்புப் பயிற்சியால் மறைந்தாலும், காரணம் மறையாவிடில் மீண்டும் தோன்றும். அமெரிக்க ஆசிரியர்களிடம் செய்து 2002-ல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியவர்களின் குரற்குறை தெளிவாகக் குறைந்தது. இதை நம் சங்கங்கள் கருதிப் பார்க்கலாம். ஏலம் கூறுபவருக்கு அத்தகைய கருவி ஒன்றை வாங்கித் தருவது பெருஞ்செலவன்று. தறிக்கூடங்களில் தார் தீர்ந்தது, இழை அறுந்தது, மேஸ்திரி வரவேண்டும் என்பவற்றைக் கத்தாமலே தெரிவிக்கக் கைச்சைகைகளையோ வண்ண விளக்கையோ ஏற்படுத்தலாம். பேரவைக் கூட்டத்தில் மேடையில் இருப்பவருக்கு மட்டும் ஒலிபெருக்கி இருந்தாற் போதாது. உறுப்பினர் அமரும் இடத்துக்கும் ஒன்று செல்ல வேண்டும்.

எட்டாவது வார முடிவில் நம் அம்மையாரை மீண்டும் அளந்தார்கள். "ஆ" என்னும் ஒலி 14 வினாடி நின்றது. வினாத்தாளின் மதிப்பெண் 58-லிருந்து 17 ஆகக் குறைந்தது. காய்ப்புகள் சிறுத்துவிட்டன, முற்றிலும் மறையவில்லை. ஆறு மாதத்துக்குப்பின் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தறிக்கு அருகில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் தொங்குகிறது. பக்கத்துத் தறிப் பெண்ணை அழைக்க இப்பொழுது கையைத் தட்டுகிறார். மாமியாருக்குக் காது கேட்கும் கருவி வாங்க விண்ணப்பித்திருக்கிறார்.

இவ்வாண்டுப் பேரவைக் கூட்டத்தில் ஒத்திவைத்த தீர்மானம் மறுபடியும் வந்தது. அவர் எழுந்தார். ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் பேசினார். தலைவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அவரே விடை கூறினார். பழைய கணீரென்ற குரல் முழுதும் திரும்பிவிட்டதென்று சொல்லமாட்டோம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நமக்குத் தெளிவாகக் கேட்டது. இதனைப் படிக்கும் அன்பர்களுள் எவருக்கேனும், அவர்தம் இல்லத்தாருக்கேனும், ஒரு மாதத்துக்கு மேலாகக் குரல் கம்மியிருக்குமாயின், அடுத்த கூட்டம் வரையில் காத்திராமல் இந்த வாரமே மருத்துவமனைக்குச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.